கேபிளை வெட்டினேன், அப்பா எதிர் வீட்டுக்குப் போயிட்டாரு

எங்க வீட்டு கேபிளை வெட்டினது நான்தான். முதல்லயே ஒத்துக்கறேன்.

"கேபிள் இல்லாம ஸ்போர்ட்ஸ் பாக்கணும், எந்த ஆப் வாங்கலாம்?"னு ஆபீஸ்ல வாரத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க. பொட்டி தட்டறவனுக்கு இதெல்லாம் அத்துப்படியா இருக்கும்னு சொந்தக்காரங்களுக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்துச்சு, 2025 ஆகஸ்ட் வரைக்கும். அதுக்கப்புறம் நடந்ததைப் பாத்தா அந்தக் கேள்வியே தப்புன்னு தோணுது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க :-)

லேசா கொசுவத்தி சுத்திக்கறேன். 2011 செப்டம்பர்ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னு வந்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தேன். அதே வருஷம்தான் செவிலிமேடு பேரூராட்சியை காஞ்சிபுரம் நகராட்சியோட சேத்தாங்க. எங்க தெருவுல நகராட்சியைப் பத்தி யாரும் பேசல, 70 ரூபாயைப் பத்திதான் பேச்சு. அப்புறம் 2019 பிப்ரவரியில டிராய் புதுக் கட்டண முறை கொண்டுவந்துச்சு. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேத்தா 153 ரூபாய் 40 காசு. காசு சேனல்லாம் அதுக்கு மேல தனித்தனியா. ஸ்போர்ட்ஸு, சீரியலு, பாட்டு எல்லாம் சேந்து எங்க வீட்டு பில்லு மாசம் 300ஐத் தொட்டுடுச்சு.

வீட்டுல இருந்து வேலை பாக்கறதுக்கு பிராட்பேண்ட் ஏற்கனவே இருக்கு. டிவியும் ஸ்மார்ட் டிவி. அப்புறம் எதுக்கு கேபிள்? எக்செல் ஷீட் போட்டேன். ஒரு ஸ்போர்ட்ஸ் ஆப் சந்தா கட்டினா மாசம் 200 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 2400. கேபிள் அண்ணனைக் கூப்பிட்டு பெட்டியைக் கழட்டச் சொல்லிட்டேன். "யோசிச்சுக்கோ தம்பி"ன்னாரு. நானா யோசிக்கறவன்?

ஐபிஎல் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. நான் இருக்கும்போது நான் போட்டு விடுவேன், எல்லாரும் பாப்போம். பிரச்சினை 2025 ஆகஸ்ட் கடைசியில புரோ கபடி 12வது சீசன் ஆரம்பிச்சப்ப வந்துச்சு.

எங்கப்பா நாப்பது வருஷம் தறிக்குழியில கால் விட்டு உக்காந்து பட்டு நெஞ்சவரு. இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது, தறியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. சின்ன வயசுல பாலாத்து மணல்ல கபடி ஆடினவரு. தமிழ் தலைவாஸ் 2017ல லீக்குக்குள்ள வந்ததுல இருந்து ஒரு ஆட்டம் விட்டதில்ல. அந்த டீம் அவருக்கு இதுவரைக்கும் பெருசா சந்தோஷம் எதுவும் குடுத்ததில்ல, 2022ல அரையிறுதிக்குப் போனதுதான் அதிகபட்சம். ஆனாலும் சாயந்திரம் ஏழரை மணியானா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடுவாரு.

கேபிள் இருந்தப்ப அவரு ரிமோட்ல மூணு நம்பர் அமுக்குவாரு, கபடி வந்துடும். இப்ப என்ன பண்ணணும்? டிவி போடணும், ஆப் எங்கன்னு தேடணும், "யார் பார்க்கிறீர்கள்"ங்கற கேள்வியை இங்கிலீஷ்ல தாண்டணும், விளையாட்டுன்னு போட்டிருக்கற இடத்துக்குப் போகணும், ஆட்டத்தைப் பிடிக்கணும், இங்கிலீஷ் வர்ணனையைத் தமிழுக்கு மாத்தணும். எண்ணிப் பாத்தேன், பதினோரு தடவை பட்டனை அமுக்கணும். ஒண்ணு தப்பானா முதல்ல இருந்து. நான் ஒரு பேப்பர்ல படம் போட்டு டிவிக்குப் பக்கத்துல ஒட்டி வச்சேன். அடுத்த வாரமே ஆப் அப்டேட் ஆகி பட்டன் இடம் மாறிடுச்சு. சாப்ட்வேர்காரன் சாபம் சாப்ட்வேர்காரனுக்கே!

ஒருநாள் ஆணி அதிகமாகி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீட்டுக்கு வந்தேன். அப்பா நாற்காலி காலியா இருந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன்.

"எதிர் வீட்டுல கபடி பாத்துனு இருக்காரு. நாலு நாளா அங்கதான் போறாரு. உன்னாண்ட சொல்ல வேணாம்னாரு."

எட்டிப் பாத்தேன். எதிர் வீட்டுத் திண்ணையில, ஜன்னல் வழியா, உள்ள ஓடற டிவியைப் பாத்துட்டு இருந்தாரு. உள்ள கூப்பிட்டிருப்பாங்க, அவங்க நல்லவங்கதான். இவருதான் சாப்பாட்டு நேரத்துல உள்ள போயி உக்காரக் கூச்சப்பட்டு வெளியவே இருந்திருக்காரு. மாசம் 200 ரூபாய் மிச்சம் பிடிக்கறதுக்காக அப்பாவை ஒரு ஜன்னலுக்கு வெளியே உக்கார வச்சிருக்கேன். என் எக்செல் ஷீட்ல இதுக்கு காலம் இல்ல.

மறுநாள் கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "வருவேன்னு தெரியும் தம்பி"ன்னு சிரிச்சாரு. பெட்டி திரும்ப வந்துச்சு.

அதனால, எந்த ஆப்னு என்னைக் கேக்கறவங்ககிட்ட நான் திருப்பி ரெண்டு கேள்வி கேக்கறேன். எந்த ஆட்டம்? யாரு பாக்கறாங்க?

முதல் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, ஆட்டம் ஒரு ஆப்லயே நிக்கறதில்ல. ஐபிஎல்லையே எடுத்துக்குங்க. 2022 வரைக்கும் ஹாட்ஸ்டார். 2022 ஜூன்ல அஞ்சு வருஷத்துக்கான உரிமை மொத்தம் 48,390 கோடிக்கு ஏலம் போச்சு. டிவி ஸ்டாருக்கு, இணையம் வயாகாம்18க்கு. 2023லயும் 2024லயும் ஜியோசினிமாவுல இலவசமா காட்டினாங்க. ஊரே பழகிடுச்சு. 2024 நவம்பர்ல ரெண்டு கம்பெனியும் ஒண்ணாச்சு, 2025 பிப்ரவரி 14ம் தேதி ஜியோஹாட்ஸ்டார்னு ஒரே ஆப் வந்துச்சு, அதோட முழுசா இலவசம்ங்கற காலம் முடிஞ்சுது.

இந்தியா வெளிநாட்டுல ஆடற ஆட்டம் இன்னும் சிக்கல். 2022 நவம்பர்ல நியூசிலாந்து டூர் பிரைம் வீடியோவுல. 2025ல இங்கிலாந்து டெஸ்ட் தொடர் டிவியில சோனி, இணையத்துல ஜியோஹாட்ஸ்டார். அதே 2025 செப்டம்பர் ஆசியக் கோப்பைக்கு சோனி லிவ். ஒரு ரசிகன் எத்தனை கடை ஏறி இறங்கணும் பாருங்க.

இதுல டிஎன்பிஎல் நம்ம ஊருக்குத் தனி வேதனை. 2016ல தொடங்கினப்ப காஞ்சிபுரம் பேர்ல ஒரு டீம் இருந்துச்சு, ரூபி காஞ்சி வாரியர்ஸ். 2018ல வேற ஒரு டீம் பேர் மாறி காஞ்சி வீரன்ஸ் ஆச்சு. ஆட்டம்லாம் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலின்னு நடந்துச்சு. அப்புறம் அந்த டீமே நெல்லை ராயல் கிங்ஸ் ஆகி தெற்கே போயிடுச்சு. 2023ல இருந்து இணையத்துல பாக்கணும்னா ஃபேன்கோட். ஆப் மாறும்னு தெரியும், டீமே ஊரை மாத்திக்கும்னு யாரு கண்டா!

அதனால வருஷச் சந்தா கட்டாதீங்கங்கறது என் கருத்து. வருஷத்துக்குக் கட்டினா தள்ளுபடின்னு ஆசை காட்டுவாங்க. நீங்க பாக்கற ஆட்டம் ரெண்டு மாசம்தான்னா, ரெண்டு மாசத்துக்குக் கட்டுங்க, முடிஞ்சதும் நிறுத்துங்க. தானா புதுப்பிக்கற வசதியை முதல் நாளே அணைச்சிடுங்க. இன்னொண்ணு, விளம்பரம் இல்லாத பிளான்னு அதிகக் காசு கட்டினாலும் நேரலை ஆட்டத்துல விளம்பரம் வரத்தான் செய்யும். சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, படிச்சிட்டுக் கட்டுங்க.

அப்புறம் நெட்டு. சுமாரான எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேணும்னு வச்சுக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. நாலு மணி நேர டி20க்கு 9 ஜிபி. தினம் 2 ஜிபி மொபைல் பிளானை நம்பி கேபிளை வெட்டினா முதல் இன்னிங்ஸ் பாதியிலயே சக்கரம் சுத்த ஆரம்பிச்சிடும். தாமதம் வேற இருக்கு. ஆப்ல படம் சில நொடித் துண்டுகளா வெட்டி வருது. நடுவுல நிக்காம இருக்கறதுக்காக, பிளேயர் சில துண்டை முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டுத்தான் ஓட்டும். அதனால கேபிளுக்குப் பின்னாடி அரை நிமிஷம்கூட ஆகும். எதிர் வீட்டுல விக்கெட் விழுந்து கத்தி முடிச்சிருப்பாங்க, நம்ம வீட்டுல பவுலர் இன்னும் பந்தைத் தொடைச்சிட்டு இருப்பாரு. எங்க தெரு மாதிரி சுவரோட சுவர் ஒட்டின வீடுன்னா இது பெரிய கொடுமை :-(

இலவசமா பாக்க வழியே இல்லையான்னா, இருக்கு. 2004ல தொடங்கின தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பெட்டியும் ஒரு தடவை வாங்கினா போதும், மாசக் கட்டணம் கிடையாது. 2007ல ஒரு சட்டம் வந்துச்சு. நாட்டுக்கு முக்கியம்னு அரசு அறிவிக்கற ஆட்டங்களோட ஒளிபரப்பை, உரிமை வாங்கின கம்பெனி பிரசார் பாரதியோடயும் பகிர்ந்துக்கணும். கேபிள் இல்லாத ஏழை வீட்டுலயும் இந்தியா ஆடறதைப் பாக்கணும்ங்கறதுதான் அதோட நியாயம். 2017 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அந்தப் பகிர்வுக்கு ஒரு கோடு போட்டுச்சு: தூர்தர்ஷன் தன்னோட ஆன்டெனா ஒளிபரப்புலயும் தன்னோட டிஷ்லயும் காட்டலாம், கேபிள் வழியா போகக் கூடாது. கிரிக்கெட் மட்டும் பாக்கற வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் நல்ல வழி. எங்கப்பாவுக்கு ஆகாது, அவருக்குக் கபடி, அதுவும் தமிழ்ல.

வெளிநாட்டுல எல்லாம் இது தீந்து போன விஷயம்னு நெனச்சிட்டு இருந்தேன். என் காலேஜ் ரூம்மேட் டெக்சாஸ்ல இருக்கான். அங்க காலேஜ் ஃபுட்பால்னா நம்ம ஊரு கருட சேவை மாதிரி கூட்டம். கேபிளை வெட்டிட்டு காலேஜ் மேட்ச் பாக்கறது எப்படின்னுதான் அங்கயும் பேச்சாம். யூட்யூப் டிவி 2017ல மாசம் 35 டாலர்னு ஆரம்பிச்சுது, 2025 ஜனவரியில 82.99 டாலர். விலை ஏறியும் நிம்மதி இல்ல. டிஸ்னியோட தகராறு வந்து 2025 அக்டோபர் 30 ராத்திரில இருந்து நவம்பர் 14 வரைக்கும் அதுல ஈஎஸ்பிஎன் இல்ல. காலேஜ் ஃபுட்பால் சூடா நடக்கற நேரம்! அதே வருஷம் ஆகஸ்ட்ல ஈஎஸ்பிஎன் தனியா மாசம் 29.99 டாலருக்கு ஒரு சேவை ஆரம்பிச்சிருக்கு. ஆக, கேபிளைப் பிரிச்சுப் போட்டு, தனித்தனியா வித்து, கடைசியில கூட்டிப் பாத்தா பழைய கேபிள் பில்லு. நம்ம ஊருலயும் அங்கதான் போயிட்டு இருக்கோம்.

ஆனா ஒண்ணு, காசு கட்டினா அவனுக்கு அவன் படிச்ச காலேஜ் மேட்ச் கிடைக்குது. நமக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்ல, அப்பா. எங்க சித்தப்பா பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருஷம், கபடி டீம்ல ரைடர். அவளுக்கு முதல்ல பாடிப் போகச் சொல்லிக் குடுத்ததே அப்பாதான், தறிக்குப் பக்கத்துல பாவு போடற சந்துல. பல்கலைக்கழகப் போட்டிக்கு வெளியூர் போனா. சித்தப்பாவுக்குத் தறியில முகூர்த்தப் புடவை ஏறியிருக்கு, கோர்வை வேலை, கூட ஆள் இல்லாம நகராது. சித்தியும் அவரோட தறியில. யாரும் போக முடியல. கேபிள் திரும்பி வந்த சந்தோஷத்துல இருந்த அப்பா என்னைக் கூப்பிட்டாரு.

"டேய், அத்தனை ஆப் வச்சினுக்கிறியே, எதுலயாவது பாப்பா ஆட்டம் வருமாடா?"

எதுலயும் வராது. 2023 நவம்பர் 19 உலகக்கோப்பை ஃபைனலை ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர் பாத்தாங்க. அத்தனை பேருக்கு ஒரே நொடியில படம் அனுப்பற தொழில்நுட்பம் நம்ம நாட்டுல இருக்கு. சித்தப்பா, சித்தி, அப்பா, அம்மா, நானு, மொத்தம் அஞ்சு பேருக்கு ஒரு கபடி ஆட்டத்தைக் காட்ட வழி இல்ல. அந்தக் காலேஜுக்கு யூட்யூப் சேனல் இருக்கு. போயிப் பாத்தேன். ஆண்டு விழாவுல சிறப்பு விருந்தினர் பேசினது ஒண்ணே கால் மணி நேரம், மூணு கேமராவுல. கபடி டீமைப் பத்தி ஒரு போட்டோகூட இல்ல.

கடைசியில அவளோட தோழி ஒருத்தி வாட்ஸப் வீடியோ கால்ல காட்டினா. பாதி நேரம் பந்தல் கூரை தெரிஞ்சுது, மீதி நேரம் யாரோ ஒருத்தரோட முதுகு. ஸ்கோர் சத்தம் வச்சுதான் புரிஞ்சுக்கிட்டோம். ஆனா அப்பா எழுந்து நின்னு பாத்தாரு, அந்த மடங்காத முட்டியோட.

அடுத்த போட்டிக்கு நான் தயாரா இருந்தேன். முன்னூறு ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி அவகிட்ட குடுத்து விட்டேன். யூட்யூப்ல போன்ல இருந்து நேரலை பண்ண சேனலுக்குக் குறைஞ்சது 50 சந்தாதாரர் வேணும். முதல் தடவை நேரலை வசதியைக் கேட்டா 24 மணி நேரம் கழிச்சுத்தான் திறக்கும். ஆட்டத்தன்னைக்குக் காலையில ஆரம்பிச்சா காரியம் கெட்டுடும், ஒரு வாரம் முன்னாடியே பண்ணி வைங்க. சொந்தக்காரங்க குரூப்ல கெஞ்சி ஒரே ராத்திரியில 50 பேரைப் பிடிச்சேன். போனை ஏரோபிளேன் மோட்ல போடாம, கால் மட்டும் வராத மாதிரி அமைதி மோட்ல போடச் சொன்னேன். நடுக்கோடு நேரா தெரியற மாதிரி, ஸ்கோர் மேஜைக்குப் பக்கத்துல.

சாயந்திரம் 43 பேர் பாத்தோம். சித்தப்பா தறியை நிறுத்திட்டு வந்து எங்க வீட்டுல உக்காந்தாரு. எங்க டீம் மூணு பாயிண்ட்ல தோத்துடுச்சு. கடைசி ரைடுல அவ போனஸுக்குக் கால் நீட்டினது தப்புன்னு அப்பா இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்காரு. அவளும் போன்ல சண்டை போடறா. அவ ஆட்டத்தைப் பாக்காம இருந்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. "ஆட்டம் எப்படிம்மா?" "தோத்துட்டோம் பெரியப்பா"ன்னு ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும்.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் விளையாட்டுல இந்தியப் பொண்ணுங்க கபடியில தங்கம் ஜெயிச்சாங்க. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அந்த டீம்ல. மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் போட்டோ, அரசு 25 லட்சம் குடுத்துச்சு, ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஜெயிச்சு வந்த பொண்ணைத்தான் நாம பாக்கறோம். ஆடற பொண்ணை எங்க பாக்கறோம்? முதலமைச்சர் கோப்பையில கல்லூரிப் பிரிவே தனியா இருக்கு. 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளையோர் போட்டி சென்னை, திருச்சி, மதுரை, கோவைன்னு நாலு ஊருல நடந்துச்சு. தூர்தர்ஷன் பொதிகை, டிடி தமிழ்னு புதுப் பேரோட வந்ததும் அந்தத் தொடக்க விழா மேடையிலதான். அந்த டிடி தமிழ்ல வாரத்துக்கு ஒரு சாயந்திரம், ஒரே ஒரு மண்டல அளவு காலேஜ் ஆட்டம் காட்டினா என்ன? 2007 சட்டம் நாட்டுக்கு முக்கியமான ஆட்டத்தைப் பத்தி யோசிச்சுது. ஒரு தெருவுக்கு முக்கியமான ஆட்டத்தைப் பத்தி யாராவது யோசிக்கணும் இல்லையா?

அவங்க யோசிக்கற வரைக்கும் நம்ம கையில இருக்கறது ஒரு போனும் ஸ்டாண்டும்தான். பெரிய கம்பெனி ஆப் எதுவும் இந்த ஆட்டத்தை வாங்க வராது, அதுல அவங்களுக்குக் காசு இல்ல. அதைத் தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா எந்த ஆப்னு ஒரு வாரம் யோசிக்கற நாம, நம்ம வீட்டுப் பிள்ளை ஆடறதை எப்படிப் பாக்கறதுன்னு ஒரு மணி நேரம்கூட யோசிக்கறதில்லங்கறதுதான் என் வருத்தம். நானும் அப்பா கேக்கற வரைக்கும் யோசிக்கல.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இதுதான். அப்பாவுக்குக் கேபிள், மூணு நம்பர் அமுக்கினா கபடி. எனக்கு ஐபிஎல் மாசத்துக்கு மட்டும் ஆப். பாப்பா ஆட்டத்துக்கு அந்த முன்னூறு ரூபாய் ஸ்டாண்டு. மிச்சம் எவ்வளவுன்னு கணக்குப் போடறதை விட்டுட்டேன்.

உங்க வீட்டுல கேபிளா, ஆப்பா, டிஷ்ஷா? வீட்டுப் பெரியவங்க எப்படிச் சமாளிக்கறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க தங்கச்சியோ தம்பியோ காலேஜ் டீம்ல ஆடறாங்கன்னா சேனல் பேரைப் போடுங்க, 50 பேர்ல ஒருத்தனா நான் வரேன்.

டிஸ்கி: இந்தப் பதிவை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "திண்ணைக் கதையை எதுக்குடா எழுதின"ன்னு கோவிச்சுக்கிட்டாரு. அப்புறம், "அந்த போனஸ் கால் தப்புன்னு எழுதினியா?"ன்னு கேட்டாரு. எழுதிட்டேன்ப்பா.